கேர்னல் கட்டுதல், மேக், சிகேஷ்: திருகோணமலையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோணேசபுரி வளாகத்தில் படிக்கிற பிள்ளைகள், உவர்மலையிலும் உப்புவெளியிலும் வீட்டிலிருந்தே வேலை செய்கிற சிலர், பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டுப் பார்க்கிற ஒன்றிரண்டு ஆசிரியர்கள். இவர்கள் சொந்தமாக ஒரு கேர்னல், அதாவது லினக்ஸின் மையக்கருவை, மூலத்திலிருந்து கட்ட வெளிக்கிட்டால் வருகிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதி வைத்தேன். கட்டளைகளைத் தொலைபேசியில் சொல்லிக்கொடுக்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன். 'மைனஸ் ஜே' என்றால் எதைத் தட்ட வேண்டும் என்று உங்களுக்கு விளங்கும்.

சிகேஷ் என்றால் என்ன? மேக் இருக்கும்போது அது எதற்கு?

முதலில் மேக்கைப் பார்ப்போம். பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976இல் எழுதியது. கூட வேலை செய்த ஸ்டீவ் ஜோன்சன் ஒரு காலைப்பொழுது முழுக்க ஒரு பிழையைத் தேடி அலைந்தாராம். பிழையை அவர் ஏற்கெனவே திருத்திவிட்டிருந்தார்; திருத்திய கோப்பைத் திரும்பக் கொம்பைல் செய்யத்தான், அதாவது இயந்திர மொழிக்கு மாற்றத்தான், மறந்துபோனார். அந்த எரிச்சலில் பிறந்த கருவி மேக். அதற்குத் தெரிந்தது திகதி ஒன்றுதான். மூலக்கோப்பு, அதைக் கொம்பைல் செய்து வந்த ஒப்ஜெக்ட் கோப்பைவிடப் புதியதா? புதியதென்றால் திரும்பச் செய், இல்லாவிட்டால் விடு.

கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) இரண்டு கிளாக்கர்மார் இருக்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் கடிதத்தின் திகதி முத்திரையை மட்டும் பார்ப்பார். இன்றைய திகதி என்றால், நேற்றுக் கொடுத்த அதே கடிதமாக இருந்தாலும் புதிதாக ஒரு ஃபைல் திறப்பார். மற்றவர் கடிதத்தை வாசிப்பார். "இதைத்தானே போன மாதமும் தந்தீர்கள், பதில் இந்தா இருக்கிறது" என்று அலுமாரியிலிருந்து எடுத்து நீட்டுவார். முதலாமவர் மேக். இரண்டாமவர் சிகேஷ்.

சிகேஷ் கொம்பைலருக்கு முன்னால் நிற்கும். கோப்பின் உள்ளடக்கம், அது இழுக்கிற ஹெடர் கோப்புகள் (பல கோப்புகளுக்கும் பொதுவான அறிவிப்புகள் உள்ளவை), கொம்பைலருக்குக் கொடுத்த தெரிவுகள், கொம்பைலர் எது என்பது எல்லாவற்றையும் சேர்த்து ஒரு ஹாஷ், கைரேகை மாதிரி ஓர் எண், எடுக்கும். அதே ஹாஷ் முன்பு வந்திருந்தால் வைத்திருக்கிற ஒப்ஜெக்ட் கோப்பைத் தரும். வராவிட்டால் கொம்பைலரைக் கூப்பிட்டு வேலை வாங்கி, விடையைத் தனக்கும் ஒரு பிரதி எடுத்து வைக்கும். சம்பா, ஆர்சிங்க் ஆகிய நிரல்களை எழுதிய அன்ட்ரூ டிரிஜெல் 2002இல் தொடங்கியது. பிறகு ஜோயல் ரோஸ்டால் பொறுப்பெடுத்து நடத்துகிறார்.

ஆகவே சிகேஷின் பயன், மேக் 'திரும்பச் செய்ய வேண்டும்' என்று நினைக்கிற, ஆனால் உண்மையில் ஒன்றும் மாறாத இடங்களில்தான். கிட்டில் (மூலத்தின் மாற்ற வரலாற்றை வைத்திருக்கிற கருவி) வேறு கிளைக்குப் போய்த் திரும்பி வருவது, சுத்தம் செய்து முதலிலிருந்து கட்டுவது, ஒரே மூலத்தை இரண்டு அடைவுகளில் வைத்திருப்பது போன்றவை. ஒரே அடைவில் ஒரே கோப்பைத் திருத்தித் திருத்திக் கட்டுகிறவருக்கு மேக்கே போதும். இந்த வித்தியாசம் விளங்கிவிட்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகள் தேவையில்லை.

உயர்தர வகுப்பில் 'பதுக்கு நினைவகம்' என்று படித்தோமே, அதுவா இது?

எண்ணம் அதே, இடம் வேறு. அது புரொசஸருக்குள் இருக்கிற வன்பொருள். இது உங்கள் வீட்டு அடைவில் இருக்கிற சாதாரணக் கோப்புகள். அப்புறம், 'பதுக்கு' என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் ஆட்களுக்கு அரிசியும் சீமெந்தும்தான் ஞாபகம் வரும். சொல் பொருத்தமாகத்தான் இருக்கிறது. தட்டுப்பாடு வருமுன் வாங்கி அடுக்கி வைக்கிற வேலைதானே இதுவும்!

போட்டுவிட்டேன், வேகம் கூடவே இல்லையே?

முதல் தடவை கூடாது. கொஞ்சம் குறையவும் செய்யும், ஹாஷ் எடுப்பதற்கும் எழுதுவதற்கும் நேரம் போவதால். அலுமாரி வெறுமையாக இருக்கும்போது கிளாக்கர் எதை எடுத்துத் தருவார்? சுத்தம் செய்துவிட்டு இரண்டாம் தடவை கட்டிப் பாருங்கள். என் பழைய நாலு கோர் மடிக்கணினியில் முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் எடுத்த வேலை இரண்டாம் தடவை பிளேன்ரீ ஆறுவதற்குள் முடிந்தது.

எப்படிப் பூட்டுவது?

உபுண்டுவிலும் டெபியனிலும் சிகேஷ் என்ற பெயரிலேயே பொதி இருக்கிறது. கேர்னலோடு இணைக்க இரண்டு வழி.

ஒன்று: மேக் கட்டளையில் 'சிசி' என்ற மாறிக்கு 'சிகேஷ் ஜிசிசி' என்ற மதிப்பைக் கொடுப்பது. ஜிசிசி என்பது கொம்பைலரின் பெயர். நடுவில் இடைவெளி இருப்பதால் மேற்கோள் குறிக்குள் போட வேண்டும்.

மற்றது: பொதி நிறுவும்போதே பயனர் நிரல்களின் நூலக அடைவுக்குள் சிகேஷ் என்றொரு அடைவு உருவாகும். அதற்குள் ஜிசிசி என்ற பெயரிலேயே ஒரு குறுக்கிணைப்பு இருக்கும். அது காட்டுவது சிகேஷை. அந்த அடைவை, கட்டளைகளைத் தேடுகிற அடைவுப் பட்டியலான பாத் மாறியின் முன்னால் போட்டால் யார் ஜிசிசியைக் கூப்பிட்டாலும் சிகேஷ்தான் 'என்ன?' என்று கேட்கும்.

நான் இரண்டாவதைச் சொல்வேன். காரணம் அடுத்த கேள்வியில் இருக்கிறது.

ஒரு கோப்பைக்கூட மாற்றவில்லை. நேற்று முழுதாகக் கட்டினேன், இன்று மேக் அடித்தால் முதலிலிருந்து தொடங்குகிறது. ஏன்?

நேற்று 'சிசி' மதிப்போடு அடித்தீர்கள், இன்று வெறும் மேக் அடித்தீர்கள். பத்தில் எட்டுப் பேருக்கு இதுதான்.

கேர்னலின் கட்டும் முறைக்குக் கேபில்ட் என்று பெயர். மேக்கின் மேல் கட்டியதுதான், ஆனால் திகதியோடு நிற்பதில்லை. ஒவ்வொரு ஒப்ஜெக்ட் கோப்புக்குப் பக்கத்திலும் புள்ளியில் தொடங்குகிற ஒரு மறைகோப்பு இருக்கும், பெயர் சிஎம்டி என்று முடியும். ஒன்றைத் திறந்து பாருங்கள். அந்தக் கோப்பை எந்தக் கட்டளையால் கொம்பைல் செய்தது என்பது எழுத்துக்கு எழுத்து அதில் இருக்கும். அடுத்த தடவை கேபில்ட் இன்றைய கட்டளையை அதோடு ஒப்பிடும். ஓர் எழுத்து மாறினாலும் கோப்பைத் திரும்பக் கட்டும். 'சிகேஷ் ஜிசிசி' என்று இருந்த இடத்தில் 'ஜிசிசி' என்று மட்டும் இருந்தால் ஆயிரக்கணக்கான கோப்பும் போச்சு. பாத் வழியில் போனால் கட்டளையில் எப்போதும் ஜிசிசி என்றே இருக்கும். இந்தப் பிரச்சினை வராது.

அந்த மறைகோப்பைத் திறந்தவர்கள் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கிப் பாருங்கள். அந்தக் கோப்பு எந்தெந்த ஹெடரைச் சார்ந்தது என்ற பட்டியல் இருக்கும். நடுநடுவே கொன்ஃபிக் தெரிவுகளின் (கேர்னலில் எது வேண்டும், எது வேண்டாம் என்ற தெரிவுகள்) பெயரிலும் சில கோப்புகள் தெரியும். உண்மையில் எல்லாக் கோப்புக்கும் கொன்ஃபிக் முழுவதையும் வைத்திருக்கிற ஒரே ஹெடர்தான் போகிறது. அப்படியே விட்டால் ஒரு தெரிவை மாற்றினாலும் முழுக் கேர்னலும் திரும்பக் கட்டப்பட வேண்டும். ஃபிக்ஸ்டெப் என்ற சின்ன நிரல் அந்த ஒரே ஹெடரைப் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டு, இந்தக் கோப்பு உண்மையில் பெயர் சொல்லிக் கேட்கிற தெரிவுகளை மட்டும் தனித்தனியாகப் போடுகிறது. நீங்கள் ஒரு ட்ரைவர் தெரிவை மாற்றினால் அந்தத் தெரிவைப் பற்றிக் கேட்கிற கோப்புகள் மட்டும் திரும்பக் கட்டப்படுவது இதனால்தான். கேர்னல் மூலத்தில் எனக்கு மிகப் பிடித்த இடங்களில் ஒன்று. சில நூறு வரி நிரல்கூட ஊர்ப்பட்ட மின்சாரத்தை மிச்சம்பிடிக்கும்!

இன்னொரு காரணமும் உண்டு: சூடோ போட்டு (நிர்வாகியான ரூட் பயனரின் பெயரில்) மேக் அடிப்பது. அப்போது ரூட் பயனரின் வீட்டிலுள்ள வெறும் அலுமாரியைத்தான் சிகேஷ் திறக்கும். போதாததற்கு மூல அடைவுக்குள் ரூட்டுக்குச் சொந்தமான கோப்புகள் முளைத்துவிடும். கட்டுவது சாதாரணப் பயனராக. நிறுவுவதற்கு மட்டும் சூடோ.

சிகேஷைப் போடுவதற்கு முன் செய்ய வேண்டியது ஏதும் உண்டா?

உண்டு, இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரியது. கட்ட வேண்டியதைக் குறையுங்கள்.

கேர்னல் மூலம் இப்போது நாலு கோடி வரியைத் தாண்டிவிட்டது. அதில் பெரும்பங்கு ட்ரைவர்கள். உபுண்டு தருகிற கொன்ஃபிக் உலகத்திலுள்ள எந்தக் கணினியிலும் ஓட வேண்டும் என்பதற்காகக் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் மொடியூலாக, தேவைப்படும்போது ஏற்றுகிற தனித் துண்டாக, வைத்திருக்கும். பெரிய கணினி மையங்களில் பாவிக்கிற இன்ஃபினிபேண்ட் வலையமைப்பு அட்டை உங்கள் மடிக்கணினிக்கு எதற்கு?

'மேக் லோக்கல்மொட்கொன்ஃபிக்' என்று அடித்தால், இப்போது கணினியில் ஏறியிருக்கிற மொடியூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிடும். ஸ்டீவன் ரோஸ்டெட் எழுதியது. நேரம் பாதி, சில வேளை அதற்கும் கீழே போகும்.

ஆனால் 'இப்போது ஏறியிருக்கிற' என்பதைக் கவனியுங்கள். நான் முதல் தடவை இதைச் செய்தபோது டொங்கிளைக் கழற்றி மேசையில் வைத்திருந்தேன். புதிய கேர்னல் அழகாக எழும்பியது, வைஃபை இல்லை, டொங்கிளைச் செருகினால் அசைவே இல்லை. பழைய கேர்னலில் திரும்ப ஏறத் தெரியாத காலம். மடத்தடியில் ஒரு சிநேகிதன் வீட்டுக்குப் போய் அவனுடைய கணினியில் தேடி வாசித்து, துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டு வந்தேன். ஆகவே பிரிண்டர், டொங்கிள், யூஎஸ்பி நினைவகம், கமரா என்று நீங்கள் பாவிக்கிற எல்லாவற்றையும் ஒரு தடவை செருகி எடுத்த பிறகே அந்தக் கட்டளையை அடியுங்கள். பழைய கேர்னலை அழிக்காதீர்கள்.

கட்டிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. திரும்ப அடித்தால் ஒப்ஜெக்ட் கோப்புகளை இணைக்கிற இடத்தில் விசித்திரமான பிழை வருகிறது.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததே, இந்தப் பதிலை நான் அப்போதுதான் கற்றேன். யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினி. இரவு வருகிற கரண்டில் கட்டத் தொடங்குவேன், அறிவித்த நேரத்துக்கு முன்பே போய்விடும்.

கொன்ட்ரோல் சி அடித்து நிறுத்தினால் மேக் பாதியில் நிற்கிற கோப்பைத் தானே அழித்துவிட்டுத்தான் வெளியேறும். கரண்ட் போனால் அதற்கு நேரம் கிடையாது. கோப்பு முறைமை எழுதுவதைக் கொஞ்சம் பிற்போட்டு வைக்கிற வழக்கமுள்ளது. அதனால் பெயரும் திகதியும் சரியாக இருக்கும், உள்ளே பூச்சியம் பைட். திகதி பார்க்கிற கிளாக்கருக்கு இது போதும். 'ஒப்ஜெக்ட் கோப்பு புதிதாக இருக்கிறது, வேலை முடிந்தது' என்று அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவார். இணைக்கிற நேரத்தில்தான் வெறும் கோப்பு என்று தெரியவரும்.

ஒவ்வொன்றாகத் தேடி அழிக்கத் தேவையில்லை. 'மேக் கிளீன்' அடித்துவிட்டுத் திரும்பக் கட்டுங்கள். கரண்ட் போகும் வரை கொம்பைல் ஆனவை சிகேஷின் அலுமாரியில் இருக்கும், சில நிமிடத்தில் அதே இடத்துக்கு வந்துவிடுவீர்கள். சிகேஷ் முதலில் தற்காலிகக் கோப்பில் எழுதி, முடிந்த பிறகே பெயரை மாற்றுகிறது. ஒவ்வொரு பதிவிலும் சரிபார்க்கும் எண்ணும் வைத்திருக்கிறது. பதிவு கெட்டிருந்தால் இல்லையென்றே எடுத்துக்கொண்டு புதிதாகக் கொம்பைல் செய்யும். சிகேஷை வேகத்துக்காகப் பாவிக்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். நான் அதை மின்வெட்டுக்காகப் பாவிக்கத் தொடங்கியவன்.

'கிளீன்' என்பதற்குப் பதில் 'மிஸ்டர் புரொப்பர்' என்கிற 'எம்ஆர்புரொப்பர்' அடித்துவிடாதீர்கள். அது உங்கள் கொன்ஃபிக் கோப்பையும் கொண்டுபோய்விடும்.

நேரமுத்திரை பற்றி ஏதோ மாறி வைக்க வேண்டுமாமே?

கேர்னல் தான் எப்போது, யாரால், எந்தக் கணினியில் கட்டப்பட்டது என்பதைத் தனக்குள் எழுதிவைக்கிறது. 'யூநேம் மைனஸ் ஏ' அடித்தால் தெரிகிற திகதி அதுதான். ஒவ்வொரு தடவையும் திகதி மாறினால் அது நுழைகிற கோப்பின் ஹாஷும் மாறும். 'கேபில்ட் பில்ட் டைம்ஸ்டாம்ப்' என்ற சூழல் மாறிக்கு ஒரு நிலையான மதிப்பைக் கொடுத்துவிடுங்கள். கேர்னல் ஆவணமும் சிகேஷ் பாவிக்கிறவர்களுக்கு இதையே சொல்கிறது. மூலக்கோப்புகளுக்குள் திகதி, நேர மக்ரோக்களை (கொம்பைல் செய்கிற நேரத்துத் திகதியாக விரிகிற சொற்களை) போடுவதைக் கேர்னல் கொம்பைலர் தெரிவு மூலமே பிழையாக்கி வைத்திருப்பதால் மற்ற இடங்களில் இந்தத் தொல்லை இல்லை.

இதைவிடக் கவனிக்க வேண்டியது 'லோக்கல்வேர்ஷன் ஓட்டோ' என்ற கொன்ஃபிக் தெரிவு. அது கிட்டின் கொமிட் (பதிந்த மாற்றம்) எண்ணைப் பதிப்புப் பெயரோடு ஒட்டும். ஒவ்வொரு கொமிட்டுக்கும் பெயர் மாறும், பெயரைப் பாவிக்கிற கோப்புகள் திரும்பக் கட்டப்படும். பரீட்சித்துப் பார்க்கிற காலத்தில் அதை அணைத்து வையுங்கள். தரவுக் கட்டமைப்புகளுக்குள் உள்ளவற்றின் வரிசையைக் குலுக்குகிற 'ராண்ட்ஸ்ட்ரக்ட்' பாதுகாப்புத் தெரிவும் அப்படித்தான். எம்ஆர்புரொப்பர் அடித்தால் குலுக்கலைத் தீர்மானிக்கிற அதன் விதை எண் புதிதாகும், அலுமாரியில் இருப்பது ஒன்றும் உதவாது.

'சிகேஷ் மைனஸ் எஸ்' காட்டுகிற எண்களை எப்படி வாசிப்பது?

கட்டத் தொடங்குமுன் 'மைனஸ் இஸட்' அடித்துப் பூச்சியமாக்குங்கள். இல்லாவிட்டால் போன மாதக் கணக்கும் சேர்ந்து வந்து குழப்பும்.

ஹிட் என்பது அலுமாரியில் கிடைத்தவை. அதில் இரண்டு வகை. 'டிரெக்ட்' என்றால் மூலத்தையும் ஹெடர்களையும் நேராக ஹாஷ் எடுத்தே கண்டுபிடித்துவிட்டது, அதிவேகம். 'பிரீபுரொசஸ்ட்' என்றால் ஒரு ஹெடர் மாறியிருந்தது, ஆனால் முன்செயலாக்கம் செய்து (ஹெடர்களையும் மக்ரோக்களையும் விரித்து) பார்த்தபோது வந்த உரை பழையதேதான். அந்தக் கோப்பு பாவிக்காத ஒரு மக்ரோவின் மதிப்பை நீங்கள் மாற்றியிருக்கலாம். மிஸ் என்றால் கொம்பைலர் உண்மையாகவே ஓடியது.

'பதுக்க முடியாதவை' என்று ஓர் எண் பெரிதாக நிற்கும். அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. இணைக்கும் அழைப்புகள், கொம்பைலருக்கு இந்தத் தெரிவு தெரியுமா என்று கேபில்ட் கேட்டுப் பார்க்கிற சின்னச் சின்ன அழைப்புகள், வேறு கோப்பை அப்படியே உள்ளே இழுக்கிற அசெம்பிளிக் கட்டளை உள்ளவை எல்லாம் அதில் சேரும்.

எல்லாம் ஹிட் என்று காட்டுகிறது, கடைசியில் மட்டும் நெடுநேரம் நிற்கிறதே?

சிகேஷ் தனித்தனிக் கோப்பைக் கொம்பைல் செய்வதை மட்டுமே பதுக்கும். எல்லாவற்றையும் சேர்த்து விஎம்லினக்ஸ் என்ற முழுக் கேர்னல் கோப்பு ஆக்குவது, குறியீட்டு அட்டவணையைத் தயாரிக்கத் திரும்பத் திரும்ப இணைப்பது, மொடியூல்களைச் சரிபார்க்கிற மொட்போஸ்ட், டிபக் தகவலிலிருந்து (பிழை தேட உதவுகிற விவரங்கள்) பிடிஎஃப் என்ற சுருக்கிய வகை விவரத்தை எடுக்கிற பாஹோல் எல்லாம் ஒவ்வொரு தடவையும் நடந்தே தீரும். பிடிஎஃப் உங்களுக்குத் தேவையில்லை என்றால், டிபக் தகவலும் தேவையில்லை என்றால், இரண்டையும் அணையுங்கள். கோப்புகளின் அளவு சுருங்கும், அலுமாரியில் கூடுதலாகப் பிடிக்கும், கடைசிக் கட்டமும் சுருக்கமாக முடியும்.

டிபக் தகவலோடு இன்னொரு சங்கதி. கோப்பு எந்த அடைவில் கட்டப்பட்டது என்பதும் அதற்குள் போகிறது. ஆகவே ஒரே மூலத்தை இரண்டு அடைவுகளில் வைத்தால் சிகேஷ் இரண்டையும் வேறென்றே கருதும். 'ஹாஷ் டிர்' என்ற அமைப்பைப் பொய் என்று வைத்தால் ஒன்றாக எடுக்கும். டிபக்கர் சில வேளை பழைய அடைவைக் காட்டும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பைசெக்ட் செய்யும்போது, அதாவது மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துப் பிழை நுழைந்த இடத்தைத் தேடும்போது, உதவுமா?

ஓரளவு. ஒரு பதிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் 12,000 மாற்றங்கள் என்றால் பிழையான ஒன்றைப் பிடிக்க 14 தடவை கட்ட வேண்டும். முதல் ஐந்தாறு தடவை பெரிய தாவல்கள். அடிப்படை ஹெடர்கள் மாறியிருக்கும், அவற்றை ஏறக்குறைய எல்லோரும் இழுக்கிறார்கள், மிஸ்தான் வரும். கடைசித் தடவைகள் நெருங்கியவை, அங்கே மேக்கே பாதி வேலையைப் பார்த்துவிடும். பிழையை மறுபடி உறுதிசெய்ய ஏற்கெனவே கட்டிய இடத்துக்குத் திரும்பும்போதுதான் சிகேஷ் கை கொடுக்கும்.

ஹெடர் பின்னல் எவ்வளவு பெரிய தலையிடி என்பதற்கு ஒரு சாட்சி: கேர்னலை எழுதுகிறவர்களில் ஒருவரான இங்கோ மொல்னார் 2022 ஜனவரியில் ஹெடர்களைப் பிரித்துத் துப்புரவாக்க 2,200க்கும் மேற்பட்ட மாற்றங்கள் கொண்ட ஒரு தொகுதியை அனுப்பினார். கட்டும் வேகம் 50 முதல் 80 சதவீதம் கூடும் என்பது அவர் சொன்ன கணக்கு. பதுக்குவதைவிடப் பின்னலை அவிழ்ப்பதே நிரந்தர வைத்தியம் என்பது என் எண்ணமும்.

மைனஸ் ஜேக்கு (ஒரே நேரத்தில் ஓடுகிற வேலைகளுக்கு) எத்தனை?

கோர் எண்ணிக்கை. 'என்ப்ரொக்' அடித்தால் தெரியும். ரேம் 4 ஜிபி மட்டும் என்றால் அதிலும் ஒன்றிரண்டு குறையுங்கள். ரேம் போதாமல் வட்டிலுள்ள ஸ்வொப்பில் விழுந்தால் கதை முடிந்தது. வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் பகல் இரண்டு மணிக்கு மடிக்கணினியில் முழுக் கோரும் ஓட விடுவது வீண். புரொசஸர் சூடாகித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நான் அந்த மாதங்களில் இரவு பத்துக்குப் பிறகுதான் கட்டுவது.

மூலத்தை இறக்கவே டேட்டா போதவில்லை. என்ன செய்வது?

முழு வரலாற்றோடு கிட்டில் குளோன் செய்தால், அதாவது பிரதி இறக்கினால், சில ஜிபி போகும், நடுவில் அறுந்தால் முதலிலிருந்து. கிட் குளோனுக்கு விட்ட இடத்திலிருந்து தொடரத் தெரியாது. வரலாறு தேவையில்லை என்றால் சுருக்கிய தார் பொதியை இறக்குங்கள், அது 150 எம்பி அளவில் முடியும். அல்லது ஆழம் ஒன்று என்று கொடுத்துக் குளோன் செய்யுங்கள். முழு வரலாறும் வேண்டுமென்றால் கேர்னல் டொட் ஓர்க் தளத்தில் பண்டில் என்ற ஒற்றைக் கோப்பு இருக்கிறது. அதைச் சாதாரணக் கோப்பு மாதிரி விட்ட இடத்திலிருந்து இறக்கலாம். அதிலிருந்து குளோன் செய்துவிட்டு மிச்சத்தை மட்டும் இணையத்தில் எடுங்கள். ஒருவர் இறக்கினால் போதும், யூஎஸ்பியில் மற்றவர்களுக்குக் கொடுக்கலாம்.

விண்டோஸ் மடிக்கணினிதான் இருக்கிறது.

விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட விடுகிற டபிள்யூஎஸ்எல்லில் தாராளமாகக் கட்டலாம், ஆனால் மூலத்தை சி ட்ரைவில் வைக்காதீர்கள். அங்கே ஒவ்வொரு கோப்பையும் திறப்பதே ஆமை வேகம். அதைவிட மோசம்: கேர்னலின் ஃபயர்வோல் வேலை பார்க்கிற நெட்ஃபில்டர் பகுதியில் பெயர் ஒன்றாகவும் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மட்டும் வேறாகவும் உள்ள கோப்பு இணைகள் இருக்கின்றன. விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று. ஒன்றை மற்றது மேலெழுதிவிடும், கிட் நீங்கள் தொடாத கோப்பை 'மாறியிருக்கிறது' என்று காட்டும். டபிள்யூஎஸ்எல்லின் சொந்த வீட்டு அடைவுக்குள் வைத்தால் இரண்டு தொல்லையும் இல்லை.

இரண்டு மூன்று மடிக்கணினியைச் சேர்த்துக் கட்டலாமா?

டிஸ்ட்சிசி என்ற நிரல் அதற்குத்தான். முன்செயலாக்கம் உங்கள் கணினியில், கொம்பைல் மற்றவர் கணினியில். சிகேஷின் 'பிரீஃபிக்ஸ் கொமாண்ட்' அமைப்பில் டிஸ்ட்சிசியைப் போட்டால், அலுமாரியில் இல்லாதவை மட்டும் வெளியே போகும். எல்லாக் கணினியிலும் ஒரே கொம்பைலர், ஒரே பதிப்பு இருக்க வேண்டும். வைஃபையில் செய்து ஏமாறாதீர்கள், கேபிள் பூட்டுங்கள். நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு மடிக்கணினியைச் சேர்த்தோம். மூன்றில் உபுண்டுவின் மூன்று வேறு பதிப்புகள். பதிப்பை ஒன்றாக்கவே அந்தி சாய்ந்துவிட்டது, கட்டியது அடுத்த வாரம்.

கிளாங் கொம்பைலர், ரஸ்ட் மொழி, ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம்: இவற்றுக்கு எப்படி?

கிளாங்குக்கும் அதே முறை, ஜிசிசி இடத்தில் கிளாங். ஆனால் இணைக்கும்போது மேம்படுத்துகிற தின்எல்டிஓ தெரிவைப் போட்டால் குறியீடு உருவாக்குகிற வேலை இணைக்கும் கட்டத்துக்குத் தள்ளிப்போகும், சிகேஷுக்குப் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. ரஸ்ட் 6.1 பதிப்பிலிருந்து கேர்னலுக்குள் வந்துவிட்டது; அந்தக் கோப்புகளைச் சிகேஷ் பதுக்காது. ஃப்ரீபிஎஸ்டியின் மூலத்திலேயே சிகேஷுக்கு ஒரு சுவிட்ச் இருக்கிறது, 'வித் சிகேஷ் பில்ட்' என்று. அங்கே மெட்டா மோட் என்ற ஒன்றும் உண்டு. ஒவ்வொரு கட்டளையும் எந்தக் கோப்பைத் திறந்தது என்று கண்காணித்து, எதைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று அதை வைத்தே முடிவு செய்யும்.

'ஹார்ட் லிங்க்' அமைப்பைப் போட்டால் இன்னும் வேகமாமே?

கேர்னலுக்கு வேண்டாம். அது பிரதி எடுக்காமல் அலுமாரியில் உள்ள அதே கோப்பை உங்கள் அடைவிலும் காட்டும். கேர்னலில் கொம்பைல் முடிந்ததும் ஒப்ஜ்டூல் என்ற கருவி ஒப்ஜெக்ட் கோப்பைத் திறந்து அதிலேயே எழுதும். எழுதினால் அலுமாரியில் உள்ளதும் சேர்ந்து மாறும். கிடைக்கிற சில விநாடிக்கு இந்த ஆபத்துத் தேவையா?

உபுண்டுவின் கொன்ஃபிக்கை எடுத்துக் கட்டினால் ஏதோ பெம் கோப்பைச் செய்ய வழியில்லை என்று நிற்கிறது.

உபுண்டு தன் சான்றிதழ்க் கோப்பின் பெயரைக் கொன்ஃபிக்கில் எழுதி வைத்திருக்கிறது, கோப்பு உங்களிடம் இல்லை. 'சிஸ்டம் டிரஸ்டட் கீஸ்', 'சிஸ்டம் ரிவோகேஷன் கீஸ்' என்ற இரண்டையும் வெறுமையாக்குங்கள்.

சிஸ்டம் அப்டேட் செய்த பிறகு எல்லாம் மிஸ். அலுமாரி கெட்டுவிட்டதா?

இல்லை, ஜிசிசி புதிதாக வந்திருக்கும். சிகேஷ் கொம்பைலர் கோப்பின் அளவையும் திகதியையும் பார்க்கிறது. பாருங்கள், இந்த ஒரு இடத்தில் அவரும் முத்திரை பார்க்கிற கிளாக்கர்தான். 'கொம்பைலர் செக்' என்ற அமைப்பை 'கொன்டென்ட்' என்று மாற்றினால் இங்கும் உள்ளடக்கத்தைப் பார்ப்பார். கொம்பைலர் உண்மையிலேயே மாறியிருந்தால் மிஸ் வருவதுதான் சரி.

அலுமாரி நிரம்பினால்? இடையிடையே அழிக்க வேண்டுமா?

4ஆம் பதிப்பு வரிசையில் எல்லை 5 ஜிபி. நிரம்பினால் நெடுநாளாகத் தொடாதவற்றைத் தானே கழித்துவிடும். கேர்னலை இரண்டு மூன்று கொன்ஃபிக்கில் கட்டுகிறவருக்கு 5 போதாது, 'மைனஸ் பெரிய எம்' போட்டு 15 அல்லது 20 ஆக்குங்கள். உள்ளே இருப்பவை ஏற்கெனவே இஸட்ஸ்டாண்டர்டால் சுருக்கப்பட்டவை, நீங்கள் தனியாகச் சுருக்கத் தேவையில்லை. கையால் அழிக்கத் தேவையே இல்லை. ஒரு பிள்ளை மடிக்கணினியை விற்கும்போது 'மைனஸ் பெரிய சி' அடித்து மறக்காமல் துடைத்துக் கொடுத்தார். வாங்கியவரும் எங்கள் ஆள்தான், அடுத்த வாரமே வந்து கேட்டார்: "முதல் தடவை ஏன் அண்ணா இவ்வளவு நேரம் எடுக்குது?"